வீட்டுக்கு வீடு ஒரு பொறியாளர் வேண்டுதல் தொடர்பாக

அனுப்புநர்: வைஃபை வாடிக்கையாளர்களுள் ஒருவர், மதுரை.
பெறுநர்: தலைவர் அவர்கள், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், புது தில்லி.
பொருள்: வீட்டு ரவுட்டரில் விளம்பரத் தடுப்புக்கு வழிசெய்யக் கோருதல்.

ஐயா,

விளம்பரத் தொல்லையைத் தங்களைப் போல் உணர்ந்த அமைப்பு இந்நாட்டில் வேறில்லை. தொலைக்காட்சியில் மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் ஆகாது என்று 2013இல் கண்டிப்பாகச் சொன்னீர்கள். சேனல்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. சீரியலுக்கு நடுவே சோப்பும் பெருங்காயமும் குறைவின்றி வந்துகொண்டிருக்கின்றன. தொலைபேசித் தொல்லைக்கு 1909 என்று ஓர் எண் உண்டு. 2018இல் ஒழுங்குமுறையை மேலும் இறுக்கினீர்கள். 1909இல் பதிந்தவர்களையும் விடாமல் கூப்பிட்டுக் கடன் தருகிறார்கள் என்றால், அது கடன் கொடுப்பவர்களின் தாராள மனம். எப்படியோ, வேண்டாத விளம்பரத்தை வேண்டாம் என்று சொல்லக் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்பதை ஆணையம் இருமுறை எழுத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டது. மூன்றாவது முறைக்குத்தான் இந்த மனு.

மதுரைக்காரர்களுக்கு விளம்பரம் புதிதல்ல. காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே அளவில் போஸ்டர் அடிக்கும் ஊர் இது. ஆனாலும் இங்கே காம்பவுண்டுச் சுவரில் ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதிவைக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. பசை வாளியோடு வருபவரிடம் சண்டைபோடவாவது முடியும். பொது இடங்கள் அலங்கோலமாவதைத் தடுக்க மாநிலம் 1959லேயே சட்டமும் இயற்றியது. அந்தச் சுவரில் துளைபோட்டு ஃபைபர் ஒயர் உள்ளே நுழைந்ததும் இந்த உரிமை எங்கே போகிறது? இணைப்புக் கொடுக்க வரும் தம்பி டிவிக்கு மேலே பெட்டியை மாட்டுகிறார். பச்சை விளக்கு எரிகிறது. ஸ்பீடு டெஸ்ட் காட்டுகிறார். வீட்டுக்காரரின் செல் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார். 192.168.1.1 என்று ஒரு பக்கம் இருப்பதையோ, அதில் டிஎன்எஸ் என்று ஒரு கட்டம் இருப்பதையோ அவர் சொல்வதில்லை. அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் வேலை அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதன் பெயரைக் கொடுத்து எண்ணைக் கேட்டு வாங்குவது டிஎன்எஸ். விளம்பர நிறுவனங்களின் பெயர் வந்தால் மட்டும் பதில் தராத டிஎன்எஸ் சேவையின் எண்ணை அங்கே நிரப்பினால், அந்த வைஃபையில் உள்ள செல்போன், டிவி எல்லாவற்றிலும் பெரும்பாலான விளம்பரங்கள் நின்றுவிடும். விவரம் தெரிந்தவர்கள் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் பை-ஹோல் என்ற இலவச மென்பொருளை ஏற்றி இதை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். விவரம் தெரியாதவர்கள் ‘நீங்கள்தான் இன்றைய அதிர்ஷ்டசாலி’ என்பதை அழுத்தி அதிர்ஷ்டத்தை இழக்கிறார்கள். இணைப்புத் தரும் நிறுவனங்களுக்கு இது தெரியாத வித்தையும் அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் உத்தரவு வந்தால், பல நிறுவனங்கள் இதே டிஎன்எஸ் வழியாகத்தான் தளங்களை மறைக்கின்றன. புதுப்படம் வெளிவருமுன் தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினாலும் திருட்டுப் படத் தளங்களை மறைக்க வழி கிடைத்துவிடுகிறது. அரசு கேட்டால் முடிகிறது. தயாரிப்பாளர் கேட்டால் முடிகிறது. மாதாமாதம் பணம் கட்டுகிறவர் கேட்டால் மட்டும் ‘அந்த ஆப்ஷன் இல்லை சார்.’

ஆட்சேபங்கள் வரும். விளம்பர வருமானத்தில்தான் சிறிய தமிழ்த் தளங்கள் பிழைக்கின்றன என்பார்கள். உண்மை. அதனால்தான் பிடித்த தளத்துக்கு விலக்குத் தரும் வசதியும் வீட்டுக்காரர் கையில் இருக்கவேண்டும். ஆனால் அந்தத் தளத்தின் கஞ்சிக்காக மோசடிக்காரனுக்கும் சேர்த்துக் கதவைத் திறந்துவைக்கச் சொல்வது நியாயமில்லை. தேடல் விளம்பரங்களில் போலிகள் புகுவதால் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐயே 2022 டிசம்பரில் அறிவுறுத்தியது. விளம்பரத் தடுப்பு மென்பொருள் வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணல்ல என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அடுத்து, 2016இல் தாங்களே காத்துக்கொடுத்த இணையச் சமத்துவம் என்னாவது என்பார்கள். நிறுவனம் தன் இஷ்டத்துக்குத் தடுத்தால் அது பாரபட்சம். வீட்டுக்காரர் தன் வீட்டுக்குள் தடுத்தால் அது அவர் விருப்பம். ஆகவே சுவிட்ச் வேண்டும். அது அணைந்த நிலையிலேயே வரட்டும். யூடியூப் விளம்பரம் இதில் நிற்காதே என்பதும் சரிதான். வீடியோ வரும் இடத்திலிருந்தே விளம்பரமும் வருகிறது. எல்லாக் கொசுவும் சாகாது என்பதற்காக யாரும் வலை கட்டாமல் இருப்பதில்லை.

ஆகவே, டிஎன்எஸ் கட்டத்தைப் பூட்டிவைக்காத ரவுட்டர், தமிழில் ஒரு பக்க வழிகாட்டி, அதைச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி பெற்ற ஆள் ஆகிய மூன்றையும் இணைப்போடு கட்டாயமாக்கும்படி வேண்டுகிறேன். இதற்கு ஆலோசனை அறிக்கை, எதிர்க்கருத்து, திறந்த விவாதம் என்று சில ஆண்டுகள் பிடிக்குமானால் இடைக்கால ஏற்பாடு ஒன்று உண்டு. மதுரையைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் வேலை தேடும் பட்டதாரிகளுக்கும் பஞ்சமில்லை. புதிய இணைப்பு ஒவ்வொன்றுடனும் ஒரு பிஇ பட்டதாரியை இலவசமாகச் சேர்த்து அனுப்ப நிறுவனங்களுக்கு உத்தரவிடுங்கள். சாப்பாடு நாங்கள் போட்டுவிடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
‘ஸ்கிப்’ பட்டனுக்காகக் காத்திருப்போருள் ஒருவர்