மஞ்சள் போர்டும் வெள்ளை போர்டும்

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் பகலெல்லாம் லாரி ஓட்டுபவர், இரவில் 'கொஞ்சமாக' ஏற்றிக்கொண்டு சொந்த பைக்கில் ஆவடிக்குப் போகிறார். அவருக்குத் தனி அளவு உண்டா?

பதில்: ஊதச் சொல்லும் போலீஸ்காரர் நம்பர் பிளேட்டின் நிறத்தைப் பார்ப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். லாரியானாலும் பைக்கானாலும் அதே கணக்குதான். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் சொந்தக் காருக்கு 80, வணிக வாகனத்துக்கு 40. ஆனால் சொந்தக் காரில் மாட்டித் தண்டனை பெற்றாலும், லாரி லைசென்ஸ் குறைந்தது ஓராண்டுக்குப் போய்விடும்.

'டியூட்டி முடிந்தபின் குடித்ததற்குப் பிழைப்பில் மண்ணா?' என்பீர்கள். நியாயமான ஆதங்கம்தான். லைசென்ஸ் முடக்கப்பட்டால் ஐ.டி. ஊழியர் ஆட்டோ பிடிப்பார். லாரிக்காரர் வீட்டில் அடுப்பு அணையும். பைக், கார், லாரி மூன்றும் ஒரே அட்டையில். அதில் குறிப்பிட்ட வகை வாகனத்துக்கு மட்டும் தடை விதிக்க 19-வது பிரிவு இடம் தருகிறது என்பது பலருக்குத் தெரியாது. அதற்காக, பைக்கை மட்டும் பிடுங்கிவிட்டு லாரிச் சாவியைக் கையில் கொடுப்பதா? பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நள்ளிரவுக்கு மேல் குடித்தவர் விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்டியரிங் பிடித்தால், டியூட்டி மாறியிருக்கும், ரத்தம் மாறியிருக்காது. கல்லீரலுக்கு ஷிஃப்ட் கணக்கு தெரியாது. மோரும் எலுமிச்சையும் அதை அவசரப்படுத்தாது.