கொல்லைப்புறத்து நர்சரிக்காரர்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் புறநகர்களிலும், பெரும்பாலும் பணி ஓய்வுக்குப் பின் தலையெடுக்கும் ஒரு மனித வகையை, வாசலில் தொங்கும் ‘ஒட்டுச்செடிகள் கிடைக்கும்’ என்னும் அட்டையைக் கொண்டும், வீட்டில் ஒரு பால் கவரோ பெயிண்ட் வாளியோ காலியாக மிஞ்சாத நிலையைக் கொண்டும் எளிதில் இனங்காணலாம். இவரை வணிகர் என்று வகைப்படுத்துவது முழுதும் பொருந்தாது. கவாத்து செய்த கிளையைக் குப்பையில் எறிய மனம் வராத ஒருவர், கொல்லை நிரம்பி நடக்க வழியின்றிப் போனபின் விற்கத் தொடங்கினார் என்பதே சரியான வரலாறு.

மண்ணில் ஊன்றினால் வேர்விடும் கிளைத்துண்டாகிய போத்து கண்ணில் பட்டால் இவருக்குக் கல்யாண வீடும் ஒன்றுதான், இழவு வீடும் ஒன்றுதான். திரும்பி வரும்போது சட்டைப்பையில் பென்சில் பருமனில் இரண்டு குச்சிகள் இருக்கும். கேட்டு வாங்கிய செடியைவிடக் கேளாமல் எடுத்த செடியே தழைக்கும் என்னும் ஊர்நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று மறுப்பார். ஆனால் எதற்கு வம்பு என்று கேட்பதும் இல்லை.

மா ஒட்டுக் கட்டுவதில்தான் இவரது முழுத்திறமையும் வெளிப்படும். கொட்டையிலிருந்து முளைத்த நாட்டு மாங்கன்று வேர்ச்செடி எனவும், அதன்மேல் பொருத்தப்படும் உயர்வகைக் கிளைநுனி ஒட்டுக்குச்சி எனவும் பெயர்பெறும். குச்சியின் இலைகளைப் பத்து நாள் முன்பே காம்பு மட்டும் நிற்குமாறு நறுக்கி மொட்டைப் பருக்கவைத்து, வேர்ச்செடியின் தலையை வெட்டி நடுவில் பிளந்து, ஆப்பு வடிவில் சீவிய குச்சியைச் செருகி, பட்டையோடு பட்டை பொருந்த இறுகக் கட்டி, ஈரம் போகாதபடி பிளாஸ்டிக் உறை மாட்டும்வரை, அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அவர் அசையார். விற்கும்போது, “மூணே வருஷம் சார், கைக்கெட்டுற உயரத்துல இமாம் பசந்த் தொங்கும்” என்பார். காய் புளிக்கிறது என்று ஒருவர் திரும்பி வந்தால், “ஒட்டுக்குக் கீழே துளிர்த்ததைக் கிள்ளினீங்களா?” என்று ஒரே கேள்வி கேட்பார். வேர்ச்செடி தன் சொந்தக் கிளையை விட்டு மேலுள்ள உயர்வகையை ஒடுக்கிவிடுவது உண்மையிலேயே நிகழ்வதுதான். வாங்கியவர் எவரும் கிள்ளுவதில்லை என்பதும் அவர் அறிந்ததே.

அழகுச்செடிகளில் அவருக்கு இத்தனை நாட்டமில்லை. குரோட்டன்ஸ் முதலியன ஆந்திரத்தில் ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியத்திலிருந்து லாரியில் வந்திறங்கி, இரண்டு நாள் கொல்லையில் தங்கியவுடன் ‘சொந்தத் தயாரிப்பு’ ஆகிவிடும். காகிதப்பூவை மட்டும் அவர் விரிவுரையின்றி விற்பதில்லை: நிறமாகத் தெரிவது இதழன்று, பூவைச் சூழ்ந்த இலைச்செதில், நடுவிலுள்ள சிறு வெண்குழலே பூ, நீரைக் குறைத்தால்தான் பூக்கும். வாங்கியவர் நாள்தோறும் இரு வேளை ஊற்றி, இலை மட்டும் தழைக்கக் கண்டு அவரையே நோவார்.

கணக்கு நோட்டில் செம்மண், மணல், தொழு உரம் மட்டுமே செலவாக ஏறும். மோட்டார் ஓடும் மின்கட்டணம் குடும்பச் செலவு. அந்த நோட்டை அவர் மனைவி படித்ததில்லை. அதில் என்ன இருக்காது என்பது அந்த அம்மாளுக்குத் தெரியும்.

இவ்வகையினரின் வணிகத்திறன் தன்னையறியாமல் வெளிப்படுவது பப்பாளியில்தான். கோ 2 போன்ற வகைகளில் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. பூக்கும்வரை எது எதுவென்று எவராலும் சொல்ல இயலாது. ஆகவே குழிக்கு மூன்று கன்று நட்டு, பூத்தபின் வேண்டாததைக் களைவதே முறை என்று கூறி மூன்றையும் விற்பார். இது தந்திரமன்று, தோட்டக்கலையே. மூன்றும் ஆணாகப் போய்விட்டன என்று சண்டைக்கு வருபவரிடம் துக்கம் விசாரிக்கும் குரலில் அவர் சில நிமிடம் பேசுவார். வந்தவர் வெளியேறும்போது கையில் விலைகொடுத்து வாங்கிய இன்னும் மூன்று கன்றுகள் இருக்கும். கொசுறாக, காய்கறிக்கடையில் கொடுப்பதுபோல் கொத்தாக இல்லாமல், வேரோடும் மண்ணோடும் ஒரு கறிவேப்பிலைச் செடியும் இருக்கும்.