மாமியாராக நின்ற கதை

விஸ்காம் படிக்கிற பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று ஒரு சடங்கு உண்டு. கல்லூரி கொடுக்கும் கடிதத்தோடு வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் என்று அலைந்தால், யாராவது ஒரு சீரியல் கம்பெனிக்காரர், "நாளைலேர்ந்து வந்து நில்லு தம்பி" என்பார். நில்லு என்றது பேச்சுக்காக அல்ல. வேலையே அதுதான்.

எனக்கு வாய்த்தது வளசரவாக்கத்தில் வாடகைக்கு எடுத்த பங்களா. கீழே ஹால், நாயகியின் புகுந்த வீடு; திரைச்சீலையை மாற்றினால் பிறந்த வீடு. மாடியில் ஓர் அறை வில்லனின் ஆபீஸ், அடுத்தது ஆஸ்பத்திரி. அங்கே ஒரே கட்டிலில் மூன்று தலைமுறை கோமாவில் கிடந்திருக்கிறது.

நாயகிக்குத் தாய்மொழி கன்னடம். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் வசனத்தைப் படிக்க, அவர் திருப்பிச் சொல்வார். பிராம்ப்டிங். "அத்தை, என் தாலி மேல சத்தியம்" என்பதை அந்த அண்ணன் ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற குரலில் படிப்பார். அம்மணி அதில் உயிரை ஏற்றிக் கண்ணீராக்குவார். கொஞ்சம் கிளிசரினும் உண்டு. நல்ல தமிழ் பிறகு டப்பிங்கில் வந்து சேரும்.

மாமியாருக்கு ஒருநாள் வேறொரு சீரியலில் கால்ஷீட். "லுக் கொடுக்க ஆள் வேணும்" என்றார் இயக்குநர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமியார் என்னைவிடக் குள்ளம். முழங்காலை மடக்கி நின்றேன். நாயகி என் கண்ணைப் பார்த்து அழுது, என் வம்சமே விளங்காது என்று சபித்துவிட்டு, கட் சொன்னதும் "தேங்க்ஸ் பிரதர்" என்றார். அடுத்தது தோளுக்கு மேல் கேமரா வைக்கும் சஜஷன் ஷாட். காஸ்ட்யூமர் வந்து பட்டுச்சேலையைப் போர்த்தி, சவுரி வைத்துக் கொண்டையும் போட்டார். முதுகுப்பக்கம் மீசை தெரியாதல்லவா?

சுமார் நூறு வருஷத்துக்கு முன் ருஷ்யாவில் லெவ் குலஷோவ் என்ற திரைப்பட இயக்குநர் ஒரு சோதனை செய்தார் என்று வகுப்பில் பாடம். நடிகர் ஒருவரின் ஒரே முகத்தை சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்ட, பார்த்தவர்கள் 'பசியையும் துக்கத்தையும் என்னமாய்க் காட்டுகிறார்!' என்று வியந்தார்களாம். வளசரவாக்கத்தில் குலஷோவை யாருக்கும் தெரியாது. பேக்கப்புக்கு முன்னால் இயக்குநர், "ஒரு ஷாக் குடும்மா, ஒரு கோபம், ஒரு சந்தேகம்" என்று வாங்கிவைத்துக்கொள்வார். எடிட்டர் அதை எந்த எபிசோடில் வேண்டுமானாலும் ஒட்டுவார். குலஷோவின் நடிகர் முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை. நம்மவர்கள் எல்லாவற்றையும் காட்டுகிறார்கள். பலன் ஒன்றுதான்.

என் இடது தோள் ஒளிபரப்பானது. அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

மருமகள் கதறும்போது இனி நீங்கள் அவள் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஓரத்தில் தெரியும் மாமியார் தோளையும் பாருங்கள். கொஞ்சம் அகலமாக, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தால் அது முழங்காலை மடக்கி நிற்கிற ஒரு விஸ்காம் பையன். அவனுக்குப் பேட்டா கிடையாது.