மேற்படியார் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தனி அலுவலர் என்னும் மேன்மைமிகு பதவி, தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகள்.

பொருள்: வரவிருக்கும் மன்றக் கூட்டங்களையும் உள்ளாட்சித் தேர்தல்களையும் திட்டமிடுவதில் வெளிப்படும் நுண்ணறிவைப் பாராட்டுதல் – தொடர்பாக.

இந்திய மக்களாட்சி ஈன்றெடுத்த அமைப்புகளுள் நாடாளுமன்றம் கூச்சலுக்கும் சட்டமன்றம் வெளிநடப்புக்கும் பெயர்பெற்றுவிட்ட நிலையில், ஒரு நாளும் அமளி நிகழாத, ஒருவரும் மைக்கைப் பிடுங்காத, உறுப்பினர் எவரும் கொட்டாவிகூட விடாத ஒரே மன்றமாகத் தனி அலுவலர் பதவி விளங்குவது வரலாற்றாசிரியர்களால் இதுவரை போதிய அளவு போற்றப்படவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து, அடுத்த மன்றம் அமையாமல் கிடக்கும் இடைவெளியில், அம்மன்றத்தின் அதிகாரங்கள் அனைத்தையும் ஒற்றை ஆளாகச் சுமக்கும் அரசு அலுவலரே தனி அலுவலர் எனப்படுகிறார். மாநகராட்சிகளில் இச்சுமை பெரும்பாலும் ஆணையரின் தோளிலேயே ஏற்றப்படுவதால், ஆணையர் என்ற முறையில் அவர் ஒரு கோப்பைத் தயாரித்து மன்றத்தின் ஒப்புதலுக்கு அனுப்ப, மன்றம் என்ற முறையில் அவரே அதைப் பெற்று, ஆழ்ந்து பரிசீலித்து, ஆணையரின் திறமையை மனதுக்குள் மெச்சியபடி ஒப்புதல் அளிக்கும் அரிய காட்சி அரங்கேறுகிறது. அத்தகைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஒளிவுமறைவின்றி எழுதினால், வருகை தந்தவர்: தனி அலுவலர், முன்மொழிந்தவர்: மேற்படியார், வழிமொழிந்தவர்: மேற்படியார், நன்றியுரை: மேற்படியார் என்றுதான் அது அமையும்.

இம்மடல் எழுதப்படுவதற்கான உடனடிக் காரணத்தையும் பதிவு செய்வது முறையாகும். ஊராட்சிகள் பலவற்றை அண்டை நகராட்சிகளோடும் மாநகராட்சிகளோடும் இணைக்கும் ஆணைகள் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்தன. அவ்வாறு இணைக்கப்பட்ட ஓர் ஊரின் மக்கள், தங்கள் தெருவில் தேங்கும் கழிவுநீர் குறித்து, இங்கே பெயர் சுட்டத் தேவையில்லாத ஒரு மாநகராட்சியின் மனுப் பெறும் முகப்பில் விண்ணப்பம் அளித்தபோது, படிவத்தில் ‘வார்டு எண்’ என்னும் கட்டம் நிரப்பப்படவில்லை என்ற காரணத்தால் அது திருப்பித் தரப்பட்டது. வார்டு எண் என்னவென்று கேட்கப்பட்டபோது, மறுவரையறை முடிந்த பிறகுதான் எண் கிடைக்கும் என்றும், கிடைத்தவுடன் அதை எழுதிக்கொண்டு வரலாம் என்றும் மிகுந்த பரிவோடு விளக்கப்பட்டது. மறுவரையறை என்பது மக்கள்தொகையைக் கணக்கிட்டு வார்டுகளின் எல்லைகளைத் திருத்தி வரையும் பணி. அது எப்போது முடியும் என்ற அடுத்த கேள்விக்கு முகப்பில் இருந்தவர் மேலே பார்த்தார். மேலே மின்விசிறி மட்டுமே இருந்தது.

ஊராட்சித் தலைவரை இழந்து, மாமன்ற உறுப்பினரையும் பெறாமல், இரண்டுக்கும் நடுவே நிற்கும் அம்மக்களின் நிலையைச் சிலர் அவலம் என்று கூறக்கூடும். மேன்மைமிகு பதவியின் நோக்கில் அதுவே தூய குடிமை நிலையாகும். இந்நிலையின் தொன்மையைக் கருதினால் வியப்பு கூடுகிறது. சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கப்பட்டபோது மேயர் ஒருவர், ஆல்டர்மென் பன்னிருவர், பர்ஜெஸ் எனப்பட்ட நகரத்தார் அறுபதின்மர் என எழுபத்து மூன்று பேர் அதற்குத் தேவைப்பட்டனர். அக்காலத்து நிர்வாகம் எவ்வளவு வீண்செலவு மிக்கதாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1973இல் மஸ்டர் ரோல் ஊழல் (வேலைக்கு வராதோர் பெயரில் வருகைப்பதிவு எழுதிக் கூலி எடுத்த முறைகேடு) வெளிப்பட்டு மாமன்றம் கலைக்கப்பட்ட பின்னரே அந்த வீண்செலவு ஒழிந்தது. இல்லாத கூலியாட்களைப் பதிவேட்டில் ஏற்றியதற்குத் தண்டனையாக, இருந்த மாமன்ற உறுப்பினர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டனர். அடுத்த தேர்தல் 1996இல் நடந்தது. உள்ளாட்சித் தன்னாட்சிக்காக 1882இல் தீர்மானம் கொண்டுவந்த ரிப்பன் பிரபுவின் பெயர் தாங்கிய மாளிகையில், இருபத்து மூன்று ஆண்டுகள் மேற்படியார் கூட்டம் கூட்டினார், மேற்படியார் கலந்துகொண்டார், மேற்படியார் கலைந்து சென்றார்.

அப்போது வாக்களிக்கும் வயது 21. 1974இல் அவ்வயதை எட்டிய சென்னைவாசி ஒருவர், நாட்டின் பிரதமரை மாற்றுவதற்கும் மாநிலத்தின் முதல்வரை மாற்றுவதற்கும் பலமுறை வாக்களித்துவிட்டு, தம் தெருவிளக்கைக் கவனிக்க வேண்டியவரைத் தேர்ந்தெடுக்க முதன்முறையாக வரிசையில் நின்றபோது அவருக்கு வயது 43.

இவ்வாறான நீண்ட இடைவெளிகளைத் தடுக்கும் தவறான நோக்கத்தோடு 1993 ஜூன் 1 அன்று 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதன் வழியே சேர்க்கப்பட்ட பிரிவு 243-யு, ஒரு நகராட்சி மன்றம் அதன் முதல் கூட்டத்துக்குக் குறிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு நீடிக்கும், அதற்கு மேல் நீடிக்காது என்றும், அக்காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றமும் இயற்கைப் பேரிடர் போன்ற அசாதாரணச் சூழல்கள் தவிர இக்காலவரம்பை மீறக் காரணம் தேடலாகாது என்று தெளிவுபடுத்தியது. சட்டத்தில் எழுதப்பட்ட ‘முன்பே’ என்னும் சொல்லை மேற்படியாரின் அலுவலகம் எவ்வாறு படித்தது என்பதை 2016க்குப் பிந்தைய ஆண்டுகளில் காணலாம்.

2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிக்கையை, பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகப் பின்பற்றப்படவில்லை என்று கூறி, அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைத் திருத்தி மறுபடி அறிவிக்கச் சில வாரங்கள் போதும் என்று அறியாதோர் எண்ணினர். மேற்படியார் சில மாதங்களுக்கென்று வந்தார். பின்பு ஆறு மாதம், மீண்டும் ஆறு மாதம் என்று சட்டமன்றம் அவரது காலத்தை நீட்டிக்கொண்டே வந்தது. 2017 நவம்பர் 17க்குள் தேர்தலை முடிக்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நவம்பர் 17 தவறாமல் வந்து, தவறாமல் போயிற்று. வார்டு மறுவரையறை நடக்கவேண்டியிருந்தது. மறுவரையறை முடிந்தபோது மாவட்டங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. மாவட்டங்கள் பிரிக்கப்பட்டதால் மறுபடி மறுவரையறை நடக்கவேண்டியதாயிற்று. 27 மாவட்டங்களின் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பர் இறுதியிலும், எஞ்சிய 9 மாவட்டங்களின் ஊரகத் தேர்தல் 2021 அக்டோபரிலும், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றும் நடந்தேறின. நகரங்களில் மன்றத்தோடு ஐந்தாண்டும், மன்றமில்லாமல் ஐந்தாண்டுக்கு மேலும் என்று காலத்தைச் சமமாகப் பங்கிட்ட இந்நேர்மை எந்தக் கட்சியின் ஆட்சி என்ற பேதத்தையும் பார்ப்பதில்லை என்பது கூடுதல் சிறப்பு.

அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதைப் பாராட்டு மடலின் நயத்தோடு சொல்ல இயலவில்லை. 2020இல் பெருந்தொற்று பரவியபோது தமிழ்நாட்டின் ஒரு மாநகராட்சியில்கூட, ஒரு நகராட்சியில்கூட, ஒரு பேரூராட்சியில்கூட மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர் இல்லை. தகரம் வைத்து அடைக்கப்பட்ட தெருக்களில் இருந்தவர்கள் கதவைத் தட்டிக் கேட்பதற்கு அந்த வார்டில் யாரும் இல்லை. உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016இலேயே சட்டம் இயற்றிவிட்டு, நகரத்துப் பெண்களை அந்த இடங்களில் அமர்த்த ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊருக்கு மத்திய நிதிக்குழுவின் மானியம் கிடையாது என்பது தெரிந்தே அந்தப் பணத்தை நிலுவையில் கிடக்கவிட்டார்கள். இதற்குப் பெயர் நிர்வாகச் சிக்கல் என்றால், சிக்கலை உருவாக்கியவர்களே அதைக் காரணம் காட்டிப் பதவியில் நீடித்ததற்குப் பெயர் என்ன? வெட்கக்கேடு என்பதைத் தவிர வேறு சொல் அகப்படவில்லை.

மேற்கண்ட பத்தி அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டதாகக் கருதப்படுமாறு பணிவுடன் கோரப்படுகிறது. நீக்குவதற்கான தீர்மானத்தை மேற்படியாரே முன்மொழியலாம்; வழிமொழிவதற்கும் ஆள் தயாராக இருக்கிறார்.

தனி அலுவலரின் பெருமை அவர் நாற்காலியை விட்டு எழுந்த பிறகும் மணப்பதுதான் அடுத்து ஆராயத்தக்கது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களும் காலப்போக்கில் அவரையே முன்மாதிரியாகக் கொண்டு கூடத் தொடங்கிவிட்டன. கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும் பொருள்களின் வரிசைப் பட்டியலாகிய அஜெண்டா, உறுப்பினர் அதைப் படித்துக் குழம்பிவிடக் கூடாது என்ற கனிவினால், பல ஊர்களில் கடைசி நேரத்தில் கட்டுக்கட்டாக வந்து சேர்கிறது. அதில் கணிசமான பொருள்கள், தலைவரின் முன் அனுமதி பெற்று ஏற்கெனவே வேலை தொடங்கப்பட்டு, ‘மன்றத்தின் பார்வைக்கும் பதிவுக்கும்’ வைக்கப்படுபவை. முன் அனுமதி என்பது அவசரம் கருதி மன்றத்துக்காகக் காத்திராமல் அளிக்கப்படும் ஒப்புதல். அன்றாடப் பணிகளெல்லாம் அவசரமாகிவிட்ட ஊர்களில், பந்தி முடிந்து கை கழுவியபின் இலை போடுவதுபோல மன்றம் கூட்டப்படுகிறது. பல பத்துத் தீர்மானங்கள் ‘ஆல் பாஸ்’ என்ற இரண்டு சொற்களில் நிறைவேறும்போது, சென்னை மாமன்றத்தின் இருநூறு உறுப்பினர்களும் ஒரே ஆளாகச் சுருங்கும் அத்வைத நிலை கைகூடுகிறது. மேற்படியார் அங்கு இல்லை. ஆயினும் அவர் கூட்டம்தான் அது.

வரிவிதிப்பைத் தேர்தல் அட்டவணையோடு இசைவிப்பதிலும் இதே நுட்பம் புலப்படுகிறது. சொத்துவரியை வீடுகளுக்கு 50 சதவீதம் வரையிலும் ஏனையவற்றுக்கு 100 சதவீதம் வரையிலும் உயர்த்தும் ஆணை 2018 ஜூலையில், எதிர்த்துப் பேச எந்த மன்றமும் இல்லாத வசதியான காலத்தில் வந்தது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்குவதாகத் தோன்றிய 2019 நவம்பரில் அவ்வுயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. 2022 மார்ச் 4 அன்று மேயர்களும் தலைவர்களும் மறைமுகத் தேர்தலில், அதாவது மக்களால் நேரடியாக அன்றி உறுப்பினர்களால், தேர்ந்தெடுக்கப்பட்டனர்; ஏப்ரல் 1 அன்று, கட்டடத்தின் பரப்புக்கேற்ப 25 முதல் 150 சதவீதம் வரையிலான புதிய உயர்வு அறிவிக்கப்பட்டது. வெற்றி மாலைகளின் நார் காய்வதற்குள் அதை ஏற்றுத் தீர்மானம் இயற்றும் பேறு புதிய மன்றங்களுக்குக் கிட்டியது. மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதும் இத்தகைய நெகிழ்வுக்குரியதே: சென்னையில் 1996, 2001, 2011 ஆண்டுகளில் நேரடி முறை, 2006, 2022 ஆண்டுகளில் மறைமுக முறை. எது நல்லது என்பதைவிட எது எப்போது நல்லது என்பதே இத்துறையின் அடிப்படை ஆய்வுச் சிக்கல்.

இக்கலையில் தமிழ்நாடு தனித்து நிற்பதாகவும் எண்ண வேண்டியதில்லை. பெங்களூரு மாநகராட்சியின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. தேர்தல் நடத்துவதற்குப் பதிலாக 2025இல் அந்த மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்தார்கள். மும்பை மாமன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தபின், நாட்டின் மிகச் செல்வச் செழிப்புள்ள மாநகராட்சி மூன்றாண்டுகளுக்கும் மேலாக நிர்வாகியின் கையில் இருந்தது. மேற்படியார் ஆங்காங்கே வெவ்வேறு பெயர்களில் எழுந்தருளியிருப்பதற்கு இவை சான்று.

இனி விண்ணப்பத்தின் சாரம். 2019 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, அங்கெல்லாம் மேற்படியார் மீண்டும் பொறுப்பேற்றார். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற நகர்ப்புற மன்றங்களின் காலம் 2027 மார்ச்சில் முடியும். இது வானிலை போலத் திடீரென வந்து விழுவதன்று. மன்றம் முதன்முதலாகக் கூடிய நாளிலேயே முடியும் நாளும் தெரிந்துவிடுகிறது. ஆகவே வார்டு எல்லைகளின் வரைவு எந்த நாளில் வெளியாகும், அதன்மீது ஆட்சேபம் தெரிவிக்க எத்தனை நாள், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்குமான சுழற்சி இடஒதுக்கீட்டுப் பட்டியல் எப்போது வரும், வார்டு வாரியான வாக்காளர் பட்டியல் எப்போது அச்சாகும் என்னும் நான்கு தேதிகளையும் மாநிலத் தேர்தல் ஆணையமும் அரசும் ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு மண்டல அலுவலகத்தின் வாசலிலும் ஒட்டினால் போதும். மன்றக் கூட்டத்தின் பொருள்நிரலையும் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அதே பலகையில் ஒட்டலாம், பசை மிச்சமாகும். இவ்வேண்டுகோளை ஏற்பதால் தமக்கு ஓய்வு நேர்ந்துவிடுமோ என்று மேன்மைமிகு பதவி வருந்துமானால், அதன் நீண்ட உழைப்புக்கு ஓய்வு தகும் என்பதே அனைவரின் கருத்து.

கழிவுநீர் குறித்த மனு, வார்டு எண் கிடைக்கும்வரை தெருவாசிகளிடமே பத்திரமாக இருக்கும். மாநகராட்சியின் வரிவசூல் முகப்பில் மட்டும் அவர்களுக்கு எந்தத் தடங்கலும் நேரவில்லை என்பதை நன்றியோடு தெரிவிக்க வேண்டும்: அங்குள்ள கணினி, வார்டு எண் கட்டம் காலியாக இருந்தாலும் பணத்தை ஏற்றுக்கொண்டு ரசீது தருகிறது.

இங்ஙனம்,
வார்டு எண் ஒதுக்கப்படாத குடிமக்கள்.