ஜாமீன் கட்டிய காவலர்கள்

கேள்வி: முதலாளியே இல்லாத பிளாக்செயின் கணக்கேட்டில் ஒருவர் பொய் எழுதினால் யார் தடுப்பது?
– வாசகர், பிரேசர் டவுன், பெங்களூரு

பதில்: அவர் கட்டிய பணமே தடுக்கும்! எத்தீரியம் என்ற பிளாக்செயினில் கணக்கைச் சரிபார்க்க உட்கார வேண்டுமானால், அதன் நாணயமான ஈத்தரில் குறைந்தது 32 ஜாமீன் கட்ட வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு விதமாக எழுதிக் கையெழுத்திட்டால், அந்தக் கையெழுத்துகளே சாட்சி; ஜாமீனில் வெட்டு விழும், ஆளும் வெளியே. மொத்த ஜாமீனில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்பினால்தான் பக்கம் முடிவாகும். முடிந்ததைத் திருத்த நினைப்பவர்கள் மூன்றில் ஒரு பங்கையாவது இழக்கத் துணிய வேண்டும். அவ்வளவு பணம் வைத்திருப்பவருக்கு நேர்மைதான் லாபம்! 2022 செப்டம்பரில் இந்த ஜாமீன் முறைக்கு மாறியதும் எத்தீரியத்தின் மின்செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் எட்டாப்பள்ளியில் சாதிச் சான்றிதழ்களுக்கு இதே வகையிலான பாலிகன் பிளாக்செயினைப் பயன்படுத்தினார்கள். ஆனால் முதலில் பதிந்ததே பொய்யென்றால், அந்தப் பொய்யையும் பிளாக்செயின் பத்திரமாகக் காக்கும். அதைப் பிடிக்க தாசில்தார்தான் வர வேண்டும்.