முழுப் பதிப்புக்காரர்

சிரிப்பதற்காக வாயைத் திறந்தவர்களை, அந்தச் சிரிப்பு வெளியே வருவதற்குள், திறந்த வாயுடனேயே உட்காரவைத்துவிடும் சாமர்த்தியம் உலகத்தில் ஒரே ஒரு ரக மனிதருக்குத்தான் உண்டு. அவர் வீட்டு ரிமோட்டில் மற்றப் பொத்தான்களெல்லாம் வாங்கிய நாளின் மெருகு கலையாமல் இருக்க, ஒரு பொத்தான் மட்டும் எழுத்தழிந்து, வழவழவென்று தேய்ந்துபோயிருக்கும். அதுதான் ‘பாஸ்’ பொத்தான்.

நியூயார்க் ராக்கஃபெல்லர் சென்டரின் 8எச் ஸ்டூடியோவிலிருந்து, ஐம்பது வருஷத்துக்கு அதிகமாகச் சனிக்கிழமை இரவு 11.30 மணிக்கு நேரடியாக ஒளிபரப்பாகிவரும் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்னும் ஹாஸ்ய நிகழ்ச்சியைப் பிரியத்தோடு பார்ப்பவர்கள் இந்த தேசத்தில் அநேகர். அவர்கள் பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், சில வாரங்களில் இந்தத் தடவை ஒன்றும் ருசிக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு தூங்கப் போய்விடுகிறார்கள். நம்முடைய நண்பர் அப்படிப்பட்ட சாமானியர் அல்லர். அவர் அதைச் சேகரிக்கிறார். காஸெட்டாக வந்ததையும், டிவிடியாக வந்ததையும், பெட்டியாக வந்ததையும், வராமல் போனதையும் சேகரிக்கிறார். வராமல் போனதை எப்படிச் சேகரிப்பது என்று கேட்பவர்கள் அவரோடு ஒரு சாயங்காலமும் கழித்திராதவர்கள்.

நியூ ஜெர்சியில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களை இவர் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார். சாப்பாடு ஆனதும், “ஒன்றே ஒன்று பார்த்துவிட்டுப் போங்களேன்” என்பார். ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் என்னும் ராக் கோஷ்டி ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டுப் பதிவு செய்வதாக ஒரு காட்சி. 2000-ஆம் வருஷம் ஏப்ரல் 8-ஆம் தேதி ஒளிபரப்பானது. வில் ஃபெரல், தொப்பையை மறைக்கப் போதாத ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, மற்ற வாத்தியங்களையெல்லாம் அமுக்கும்படியாக மாட்டுமணியைத் தட்டித் தீர்க்கிறார். கோஷ்டியார் எரிச்சல்படுகிறார்கள். தயாரிப்பாளராக வரும் கிறிஸ்டோபர் வாக்கனோ, முகத்தில் லவலேசமும் சலனமின்றி, இன்னும் கொஞ்சம் மணி வேண்டும் என்று சொல்லப் போகிறார். சொல்லப் போகிறார் என்றுதான் நான் எழுத முடியும். ஏனென்றால் வாக்கன் வாயைத் திறப்பதற்கும் நம்மவரின் கட்டைவிரல் அந்தப் பொத்தானில் இறங்குவதற்கும் சரியாக இருக்கும். ஃபெரலின் தொப்பை திரையில் அப்படியே ஸ்தம்பித்து நிற்க, மணியடிக்கும் குச்சி அந்தரத்தில் நிற்க, எங்கள் சிரிப்பும் எங்கேயோ தொண்டைக்கும் பல்லுக்கும் நடுவில் நிற்க, அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, “இது எந்தப் பதிப்பு, தெரியுமா?” என்று ஆரம்பிப்பார்.

இந்தக் காட்சி வாக்கனின் பெயரால் வந்த ‘பெஸ்ட் ஆஃப்’ வட்டிலும் இருக்கிறது, ஃபெரலின் பெயரால் வந்ததிலும் இருக்கிறது. அவ்விரண்டுக்கும் முன்னால், ஒளிபரப்பான இரவிலேயே அவர் கையால் காஸெட்டில் பிடித்ததும் இருக்கிறது. மூன்றும் ஒன்றுதானே என்று யாராவது வெகுளித்தனமாகக் கேட்டுவிட்டால் அன்றைய இரவு அத்துடன் முடிந்தது. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றையும் அதே தொப்பையில் நிறுத்தி, வர்ணம் எதில் வெளிறியிருக்கிறது, சபையோரின் சிரிப்பு எதில் பலமாகக் கேட்கிறது என்று நிரூபிப்பார். சபையோர் சிரிக்கிறார்கள் என்பதை நாங்களும் ஒப்புக்கொள்வோம். எங்களுக்கு வேண்டியதும் அதே பாக்கியம்தான்.

அவருக்கு ஒரு நியாயம் இல்லாமலில்லை. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிவாக்கில், வேறொரு சபையை வைத்துக்கொண்டு, முழு வேஷத்தோடு ஓர் ஒத்திகை அங்கே நடக்கிறது. அதில் எடுபடாத காட்சிகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பதினொன்றரைக்கு ஒளிபரப்புகிறார்கள். அப்புறம் மறு ஒளிபரப்பு வரும்போது, நேரடியில் சொதப்பிய காட்சியை எடுத்துவிட்டு, ஒத்திகையில் நன்றாக வந்த அதே காட்சியைச் சத்தமில்லாமல் செருகிவிடுவதும் உண்டு. 1992 அக்டோபரில் பாடகி ஷினேட் ஓ’கானர் போப்பாண்டவரின் படத்தை நேரடி ஒளிபரப்பிலேயே கிழித்துப் போட்டு ஊரைக் கலக்கினாரே, மறு ஒளிபரப்பில் அந்த இடத்தில் வந்தது ஒத்திகையில் பாடிய சாதுவான பாட்டு. ஆகவே, பார்க்கிற காட்சி அன்றிரவு நடந்ததுதானா என்ற சந்தேகம் ஒருவருக்கு வருவதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தை மற்றவர்கள் சிரித்து முடித்த பிற்பாடு தீர்த்துக்கொள்ளக் கூடாதென்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

பேச்சிலும் அவர் கையில் அதே பொத்தான்தான். “1975 அக்டோபர் 11-ஆம் தேதி ‘சாட்டர்டே நைட் லைவ்’ ஆரம்பித்தபோது...” என்று நாம் வாயெடுத்தால், விரல் ஒன்று உயரும். அன்றைக்கு அதன் பெயர் அதுவல்லவாம். அந்தப் பெயரைப் போட்டி நிறுவனமான ஏபிசி வேறொரு நிகழ்ச்சிக்கு வைத்துக்கொண்டிருந்ததனால், ‘என்பிசி’ஸ் சாட்டர்டே நைட்’ என்றுதான் பெயரிட்டார்களாம். 1977-இல்தான் இப்போதைய பெயர் வந்ததாம். எல்லாம் வாஸ்தவம். நாம் சொல்ல வந்தது முதல் நாளில் ஜார்ஜ் கார்லின் என்ன பேசினார் என்பது. அது அந்த விரலுக்குக் கீழே நசுங்கி மாண்டுபோகும்.

இந்தக் கஷ்டத்துக்குப் பரிகாரம் கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர்தான், அவருடைய மனைவி. அந்தப் பெண்மணிக்கு எல்லாக் காட்சிகளும் மனப்பாடம். அதைவிட முக்கியமாக, கணவர் எந்த இடத்தில் நிறுத்துவார் என்பதும் மனப்பாடம். ஆகையால் ஹாஸ்யம் வருவதற்கு இரண்டு விநாடி முன்னாலேயே அவர் சிரித்து முடித்துவிடுவார். முதல் தடவை இதைக் கண்ட என் வீட்டுக்காரி, அந்த அம்மாளுக்கு உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று என் காதில் கவலையோடு கிசுகிசுத்தாள். மூன்றாவது விஜயத்தில் அவளும் முன்கூட்டியே சிரிக்கக் கற்றுக்கொண்டாள்.

அலமாரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது எல்லாச் சேகரிப்பாளர்களின் அலமாரியும்தான். உறை பிரிக்காத பிரதி ஒன்று, பிரித்த பிரதி ஒன்று, அவ்வளவுதான் விசேஷம். ‘பெஸ்ட் ஆஃப்’ வரிசை மட்டும் ஒரு வார்த்தைக்குத் தகுந்தது. கிறிஸ் ஃபார்லிக்கு ஒன்று, ஆடம் சாண்ட்லருக்கு ஒன்று, மைக் மையர்ஸுக்கு, ஃபில் ஹார்ட்மனுக்கு, எடி மர்ஃபிக்கு, கிறிஸ்துமஸுக்கு, பொய் விளம்பரங்களுக்கென்று தனியாக ஒன்று. ஒரு காட்சியில் நாலு நடிகர் இருந்தால், ஒரே பிள்ளையை நாலு வீட்டில் மாப்பிள்ளையாக நிச்சயம் பண்ணிய தரகரின் துணிச்சலோடு, அதையே நாலு வட்டிலும் போட்டு விற்கலாம். நம்மவர் நாலையும் வாங்கியிருக்கிறார். ஏமாந்தோமென்ற எண்ணம் அவருக்குக் கிடையாது.

அவருடைய வாழ்வின் வசந்த காலம் 2006 டிசம்பரில் ஆரம்பித்து 2009 டிசம்பரில் முடிந்தது. வெறும் பொறுக்குமணிகளாகவே வந்துகொண்டிருந்த நிகழ்ச்சியை, யூனிவர்ஸல் நிறுவனம் அப்போதுதான் பருவம் பருவமாக, முழு நீளத்தில், பெட்டியாக வெளியிட்டது. முதற்பருவம் எட்டு வட்டுகள், இருபத்துநாலு இரவுகள். பாட்டுகள்கூடப் பெரும்பாலும் வெட்டுப்படாமல் வந்தன. அது லேசான காரியமல்ல: எழுபதுகளில் ஒரு பாட்டை ஒளிபரப்ப வாங்கிய அனுமதி, அதை வட்டில் போட்டு விற்கச் செல்லாது, ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமைக்காரரிடம் மறுபடியும் போய் நிற்க வேண்டும். மறு ஒளிபரப்புக்கே விடாமல் பல வருஷம் பூட்டிவைத்திருந்த, மில்டன் பெர்ல் வந்து ரகளை செய்த 1979 ஏப்ரல் இரவுகூட நாலாம் பெட்டியில் வெளியே வந்தது. அதை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். பூட்டிவைத்தவர்கள் விவேகிகள் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஓர் அதிசயம்: அன்று அவர் பொத்தானை ஒரு தரமும் தொடவில்லை. சிரிப்பு வரும் என்ற அபாயமே இல்லாததுதான் காரணமோ என்னவோ.

இனிப் பட்டவர்த்தனமாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதர் எங்களைச் சிரிக்க அழைக்கிறார். நாங்கள் குழந்தைகளை ஸ்வெட்டருக்குள் திணித்து, பனியில் வண்டியோட்டிக்கொண்டு போகிறோம். போனால் சிரிக்க விடுவதில்லை. வட்டை இரவல் கொடுங்கள், வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்றால், ரத்த தானம் கேட்டாற்கூட அவ்வளவு வெளிறியிருக்க மாட்டார். பத்தரை மணிக்குக் குழந்தைகள் சோபாவில் சுருண்டு தூங்கிவிட, திரையில் யாரோ ஒருவர் பாதி தும்மலில் நிற்க, சேகரிப்பாளர் எழுந்து காஸெட் தேடப் போகிறார். இதற்குப் பெயர் உபசாரமா? ஹாஸ்யத்தைப் பாதுகாப்பதற்கென்றே ஒருவர் ஜீவியத்தை அர்ப்பணிக்கட்டும், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. யாரிடமிருந்து பாதுகாக்கிறார் என்பதுதான் எங்கள் கேள்வி.

இருந்தும் அவரை முழுவதும் வெறுக்க முடியவில்லை; அதற்குக் காரணம் அந்தப் பழைய காஸெட்டுகள். டி-120 என்னும் நாடாவை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் ஆறு மணி நேரம் கொள்ளும்; அதாவது நாலு சனிக்கிழமை. படம் சேறாகத்தான் இருக்கும். ஆனால் நியூயார்க் நாலாம் சேனலில் அன்றிரவு வந்த கார் விளம்பரமும், மெத்தை விளம்பரமும், பின்னிரவுப் புயல் எச்சரிக்கையும் அதில் அப்படியே இருக்கும். இன்றைக்கு ஸ்ட்ரீமிங்கில் பழைய இரவுகளைத் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பதோ, பாட்டையும் சில காட்சிகளையும் கத்தரித்த மூளிப் பதிப்புகள். ஒன்றரை மணி நேரத்தில் பாதிகூடத் தேறாதவையும் அவற்றில் உண்டு. எங்கள் ஆபீசில் ஒருவர், சிறுவயதில் காலஞ்சென்ற தம் தகப்பனாரோடு ஒரு சனிக்கிழமை பார்த்த பாட்டு எங்கும் அகப்படவில்லையென்று பேச்சுவாக்கில் சொன்னார். நம்மவர் வருஷத்தையும் மாதத்தையும் கேட்டுக்கொண்டார். மறுவாரமே அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து நாடாவைப் போட்டார். நானும் இருந்தேன். பாட்டு தொடங்கியது, அவர் கட்டைவிரல் பொத்தானின் மேல் ஒரு தரம் துடித்தது, பிறகு ரிமோட்டை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார். பாட்டும், அதன் பின்னால் மெத்தை விளம்பரமும் தடையின்றி ஓடின. அதன் பிறகு அந்த நாடாவின் வேகத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

கடைசியாக, யூனிவர்ஸல் நிறுவனத்தாருக்கு எங்கள் பேட்டை வாசிகளின் சார்பில் ஒரு விண்ணப்பம். ஐந்தாம் பெட்டியோடு நிறுத்திவிட்டீர்கள்; பாட்டுரிமைச் செலவும் டிவிடி வியாபாரத்தின் சரிவும் காரணம் என்கிறார்கள். ஆறாம் பருவம் என்ற 1980-81-ஆம் வருஷத்தியது, ஸ்தாபகர் லார்ன் மைக்கேல்ஸ் விலகிப்போன பின் வேறு கைகளில் சிக்கி, எடி மர்ஃபி என்னும் இளைஞரைக் கண்டெடுத்ததைத் தவிர வேறு கீர்த்தியில்லாமல் பதின்மூன்று இரவுகளோடு முடிந்தது என்பதும், அதை நல்ல பருவமென்று சொல்பவர் அபூர்வம் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறோம். அதைப் பெட்டியில் போட்டு வெளியிட்டால் எங்கள் நண்பர் ஒரு குளிர்காலம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு தம் காஸெட்டுகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். நாங்களும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, நேரடி ஒளிபரப்பைத் தடங்கலின்றிப் பார்ப்போம். இரண்டு பிரதிகள் விற்பனையாகிவிடும் என்பதற்கு நான் ஜாமீன்.