ஒரு செவிக்குப் பாராட்டு

மேற்கத்திய செவ்விசைப் பியானோவில் ஊறியவர்கள் இரண்டு பேர் கூடினால் போதும், வழக்கு தொடங்கிவிடும். ஹோரோவிட்ஸ் விரல்வித்தை காட்டியே பெயர் வாங்கியவர் என்பார் ஒருவர். கிளென் கூல்டின் முனகலைக்கூட ஞானம் என்று கொண்டாடுகிறார்கள் என்பார் மற்றவர். லாங் லாங்கின் பேச்சு வந்தால் இருவருமே குரலை உயர்த்துவார்கள். தகுதிக்கு மீறிய புகழ் யாருக்கு என்று எல்லோரும் வாதாடினார்கள். அந்த வழக்குக்குச் சாட்சியத்தைக் கொண்டுவந்து வைத்தவர் ஒருவர்தான்: இங்கிலாந்தின் வில்லியம் பாரிங்டன்-கூப்.

அவர் மனைவி ஜாய்ஸ் ஹாட்டோ, 1928-இல் பிறந்த பியானோ கலைஞர். எழுபதுகளில் மேடையை விட்டு விலகியவர். 2006-இல் அவர் இறப்பதற்குள் கணவரின் சிறிய இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து அவர் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தட்டுகள் வந்தன. புற்றுநோயோடு போராடும் மூதாட்டி ஷோபானையும் லிஸ்ட்டையும் இப்படி வாசிக்கிறாரே என்று விமர்சகர்கள் உருகினார்கள். உருகத்தக்க வாசிப்புதான் அது. ஆனால் அந்தத் தட்டுகளில் ஒலித்தவை பிறருடைய விரல்கள்.

பாரிங்டன்-கூப்பின் செவியை நான் மனதாரப் போற்றுகிறேன். எவ்வளவு நல்ல தேர்வு! லாஸ்லோ சிமோன் வாசித்த லிஸ்ட், யூஜின் இன்ஜிச் வாசித்த ஷோபானின் மசூர்க்காக்கள், கார்லோ கிரான்டே வாசித்த கோடோவ்ஸ்கி. பெருங்கூட்டம் தேடிப் போகாத இந்தக் கலைஞர்களின் தரத்தை, சம்பளம் வாங்கிக்கொண்டு இசை கேட்டவர்களுக்கு முன்பே அவர் கண்டுகொண்டார். கிரான்டேயின் பதிவை வேகம் மாற்றித் தன் மனைவியுடையதாக்கும் பொறுமையும் அவருக்கு இருந்தது. பின்னணிக்கு இல்லாத ஓர் இசைக்குழுவையும், ரெனே கோலர் என்று பிறக்காத ஒரு நடத்துநரையும் படைத்துக் கொடுத்தார்.

விமர்சகர்களையும் பாராட்ட வேண்டும். எஃபிம் பிரான்ஃப்மன் வாசித்த ராக்மனினாஃபை முன்பு அளந்து பாராட்டிய ஒருவர், அதே பதிவு ஹாட்டோ பெயரில் வந்தபோது அள்ளி அள்ளிக் கொடுத்தார். ஒரு சுரமும் மாறவில்லை. உறைமேல் இருந்த பெயர் மாறியிருந்தது. அதனால், எந்தக் கலைஞரை மிகையாகப் புகழ்கிறார்கள் என்று யாராவது பேச்செடுத்தால், அதை எந்த உறையைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

2007 பிப்ரவரியில் உண்மை வெளிவந்தது. ஹாட்டோவின் லிஸ்ட் தட்டை ஒருவர் கணினியில் போட்டார். தட்டிலுள்ள பகுதிகளின் கால அளவை மட்டும் பார்க்கும் மென்பொருள், வாசித்தவர் லாஸ்லோ சிமோன் என்று காட்டியது. நிபுணர்களின் ஒலி ஆய்வும் பிறகு அதை உறுதிசெய்தது. ஹாட்டோவின் வாழ்க்கைக் கதையைக் கேட்டிராத அந்த இயந்திரம், சிமோனுக்கு உரியதைச் சிமோனுக்கே கொடுத்தது.

வலியில் மனைவி முனகிய இடங்களை மறைக்கத்தான் பிறர் வாசிப்பை ஒட்டத் தொடங்கியதாகப் பாரிங்டன்-கூப் பின்னர் ஒப்புக்கொண்டார். அவருடைய அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அந்த அன்பு, வாழ்நாளெல்லாம் கிடைக்காத புகழை மனைவிக்குக் கடைசி ஆண்டுகளில் வாங்கிக் கொடுத்தது. இன்ஜிச்சும் சிமோனும் பெற்றிருக்க வேண்டிய புகழ் அது. அவர்கள் உழைப்பை எண்ணும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. ஹாட்டோவை எண்ணினால் இன்னும் வலிக்கிறது. ஆர்னால்ட் பாக்ஸின் சிம்ஃபனிக் வேரியேஷன்ஸை 1970-இல் அவரே வாசித்துப் பதிந்தார். உண்மையான இசைக்குழு, உண்மையான நடத்துநர் வெர்னன் ஹேண்ட்லி, அவருடைய சொந்த விரல்கள். இன்று அதை எடுத்துக் கேட்பவர்களும், முதலில் இது யார் வாசித்தது என்றுதான் கேட்கிறார்கள்.